ஒயர் பக்கத்தில் காந்தம் வைக்கலாமா?

ஹெட்போன், மைக், ஒயர் பற்றி வந்த கேள்விகளில் காந்தம் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கடைசிக் கேள்வியை வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

மேஜை ஓரத்தில் ஒட்டிய காந்தக் கிளிப்பில்தான் ஹெட்போன் ஒயரைச் செருகி வைக்கிறேன். நாளடைவில் ஒலி கெட்டுவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

கெடாது. பத்து வருஷம் அப்படியே இருந்தாலும் கெடாது. ஒயருக்குள் இருப்பது செம்பு. காந்தம் செம்பை இழுப்பதில்லை, செம்பும் காந்தமாக மாறுவதில்லை.

அப்படியானால் காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதற்கு அசைவு வேண்டும். 1831இல் மைக்கேல் ஃபாரடே ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தபோது, சுருளோடு இணைத்திருந்த மின்னோட்டம் காட்டும் கருவியின் முள் துள்ளியது. காந்தத்தை உள்ளேயே அசையாமல் விட்டதும் முள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. உங்கள் கிளிப் அந்த அசையாத காந்தம்தான்.

சரி, காந்தத்தைக் கையில் பிடித்து ஒயர் அருகே வேகமாக ஆட்டினால்? ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கத்தான் செய்யும். ஆனால் ஒயருக்குள் சிக்னல் போகிற கம்பியும் திரும்பி வருகிற கம்பியும் ஒட்டியே ஓடுகின்றன. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு பிறந்து ஒன்றையொன்று அழித்துவிடும். வலுவான நியோடிமியம் காந்தத்தை வைத்து நானே ஆட்டிப் பார்த்திருக்கிறேன், பாட்டில் ஒரு மாற்றமும் கேட்கவில்லை. அதோடு, சாதாரண ஹெட்போனில் ஒலியை உண்டாக்கும் டிரைவருக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. ஒயர் போய் முடிகிற இடமே அதுதான்.

கிளிப்பில் பார்க்க வேண்டியது வேறு. ஒயர் அங்கே கூர்மையாக மடிந்து நிற்கிறதா? என்னிடம் ரிப்பேருக்கு வருகிற ஹெட்போன்களில் பெரும்பாலானவை, பின்னை ஒட்டிய இரண்டு அங்குலத்துக்குள் ஒயர் மடிந்து மடிந்து இழை அறுந்தவை. ஒரு காது மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் காந்தத்தைச் சந்தேகப்படாதீர்கள், அந்த இடத்தைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள்.

தங்க முலாம் பூசிய பின் என்று சொல்லி விற்றார்கள். காந்தம் வைத்தால் லேசாக ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பின்னின் உடல் பெரும்பாலும் பித்தளை. அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. பித்தளையில் உள்ள செம்பும் துத்தநாகமும் தங்கத்துக்குள் ஊறி வராமல் தடுக்கத்தான் நடுவில் நிக்கல் போடுகிறார்கள். இரும்பைப் போல நிக்கலையும் காந்தம் இழுக்கும். லேசாக ஒட்டினால் அது நிக்கல். 'டப்' என்று பாய்ந்து ஒட்டினால் உள்ளே இரும்பு. அதற்குத் தங்க விலை கொடுக்க வேண்டாம்.

தங்கம் பூசுவது ஒலியை இனிமையாக்குவதற்காக இல்லை. அது கறுக்காது, அவ்வளவுதான். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்தக் குணம் உண்மையிலேயே பயன்படும்.

காந்தத்தைக் கையில் எடுத்ததே எடுத்தீர்கள், வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டு இருந்தால் அதையும் சோதியுங்கள். உள்ளே இருக்கும் இழை காந்தத்தோடு வந்தால், அது செம்பு பூசிய இரும்புக் கம்பி. இழை வரவில்லை என்பதால் சுத்தச் செம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலிவான ஒயர்களில் செம்பு பூசிய அலுமினியமும் உண்டு. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. பிளேடால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

சில கேபிள்களின் நுனியில் உருளையாக ஒரு குண்டு இருக்கிறதே, அது காந்தமா?

இல்லை. ஃபெரைட் என்ற இரும்பு ஆக்சைடுக் கலவை. ரேடியோ அலை போன்ற உயர் அதிர்வெண் தொந்தரவை மட்டும் அது தடுக்கும். நாம் கேட்கும் ஒலியைத் தொடாது. அதை உடைத்து எடுத்துவிடாதீர்கள்.

கோயில் விழாவில் மைக் போட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று விடாமல் உறுமல். மைக் ஒயர் கரண்ட் ஒயரோடு சேர்ந்து ஓடுவதுதான் காரணம் என்கிறார்கள்.

காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அப்படியே அலைகிறது. அசையாத காந்தத்தைப் பற்றி மேலே சொன்ன சமாதானம் இங்கே செல்லாது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதை ஆம்ப்ளிஃபயர் பல நூறு மடங்கு பெருக்குகிறது. வழியில் புகுந்த உறுமலும் அதே அளவு பெருகும்.

ஒயரைச் சுற்றியுள்ள செம்பு வலை இதைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலமோ அந்த மெல்லிய வலை வழியாக ஏறக்குறைய முழுசாக உள்ளே வந்துவிடும். இதற்கு நல்ல தீர்வு பேலன்ஸ்டு இணைப்பு. முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் உறுமல் ஒரே அளவாக ஏறும். மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் பொதுவாக இருப்பது விழுந்துவிடும். மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கனெக்டர் இதற்காகத்தான். ஒற்றைக் கம்பி ஒயரில் பெரிய பின் மாட்டி நூறடி இழுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

செலவில்லாத வழிகளை முதலில் செய்யுங்கள். மைக் ஒயரைக் கரண்ட் ஒயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்தில் சேர்ந்து ஓட வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம் மைக் ஒயரைச் சுருட்டி வைக்காதீர்கள். அப்புறம், லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் அது கரண்ட் ஒயரின் காந்தப்புலத்தால் வந்ததில்லை, கிரவுண்ட் லூப். அதாவது, இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒயர் வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவது. அதற்காகக் கரண்ட் பிளக்கின் மூன்றாவது முள்ளை ஒடித்து எர்த் இணைப்பைத் துண்டிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மைக் பிடிப்பவரின் உயிர் அந்த எர்த்தில் இருக்கிறது.

ஹெட்போனை லேப்டாப் மேல் வைத்தால் திரை அணைந்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. மூடி மூடியதைக் கண்டுபிடிக்கப் பல லேப்டாப்புகளில் ஒரு சிறு காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும் இருக்கின்றன. ஹெட்போனின் காந்தம் அந்த சென்சாரை ஏமாற்றுகிறது. வேறு இடத்தில் வையுங்கள்.

அப்பா பதிவுசெய்த பழைய கேசட்டுகள் உள்ள அலமாரியில் ஹெட்போன் வைக்கலாமா?

வேண்டாம். கேசட் நாடாவில் பதிவே காந்தத் துகள்களின் வரிசைதான். ஒயரைப் போல அது தப்பிக்காது, அசையாத காந்தமே போதும். ஸ்பீக்கரையும் தள்ளி வையுங்கள். திரும்பப் பதிவுசெய்ய முடியாத குரல்கள் என்றால், இந்த வாரமே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். நெக்பேண்ட் இயர்போன் வாங்கித் தரலாமா?

கேட்டது மிகவும் நல்லது. பேஸ்மேக்கரை மருத்துவர்கள் வெளியிலிருந்தே சோதிப்பதற்காக, காந்தம் நெருங்கினால் அது வேறு முறைக்கு மாறும்படி அமைத்திருக்கிறார்கள். இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிக்க வைக்கும். அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் ஐசிடி கருவியாக இருந்தால், காந்தம் மேலே இருக்கும்வரை அந்தச் சிகிச்சையே நின்றுபோகலாம்.

பாஸ்டனில் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கருவி பொருத்திய 60 பேரின் மார்பில் ஹெட்போனை வைத்துப் பார்த்ததில் 14 பேருக்குக் குறுக்கீடு தெரிந்தது. ஹெட்போனை விலக்கியதும் கருவிகள் பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பின.

காதில் மாட்டுவதால் ஆபத்து இல்லை. ஆனால் நெக்பேண்டில் பேசி முடித்ததும் இரண்டு நுனிகளும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு நேராக மார்பின்மேல் தொங்கும். சட்டைப் பையில் போடும் இயர்பட்ஸ் டப்பாவும் அப்படித்தான், அதன் மூடியிலும் காந்தம் உண்டு. காந்தம் உள்ள எந்தப் பொருளும் கருவியிலிருந்து அரை அடியாவது, அதாவது 15 சென்டிமீட்டர், தள்ளி இருக்கட்டும். அப்பாவுக்கு ஒயர் உள்ள சாதாரண ஹெட்போனே வாங்கிக் கொடுங்கள். கேட்டு முடித்ததும் கழுத்தில் தொங்கவிடாமல் மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த ஹெட்போனையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.