பொலெந்தாவும் சாசேஜும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பொலெந்தா செய்ய கார்ன்ஃப்ளார் வாங்கிக் கொதிநீரில் போட்டேன். கோந்தாகிவிட்டது. ஏன்?

பொலெந்தா என்பது மக்காச்சோள ரவையில் கிண்டும் இத்தாலியக் களி; அதன் மேல் சாசேஜ் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். நம் கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் ஸ்டார்ச். உங்களுக்கு வேண்டியது மஞ்சள் மக்காச்சோளத்தை உடைத்த ரவை. இத்தாலியில் கொரகொரப்பானதை பிரமாத்தா என்றும் நைசானதை ஃபியொரெத்தோ என்றும் சொல்வார்கள். சாசேஜ் குழம்புக்கு பிரமாத்தாதான் பொருத்தம். ஐந்து நிமிடத்தில் தயாராகும் உடனடி வகை, முன்பே வேகவைத்து உலர்த்தியது. அவசரத்துக்கு ஆகும், சோள மணம் குறைவு.

கேள்வி: நான்கு பேருக்கு என்ன அளவு? எப்போது செய்தாலும் கட்டி தட்டுகிறதே?

ரவை 300 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், உப்பு இரண்டு டீஸ்பூன். வட இத்தாலியில் இதற்கென்றே பயோலோ என்னும் செப்புக் கொப்பரை உண்டு. அடி கனத்த பாத்திரம் எதுவானாலும் போதும். தண்ணீர் கொதித்ததும் ஒரு கை ரவையைத் தூவ, மறு கை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி நிச்சயம்.

பிறகு தீயை நன்றாகக் குறையுங்கள். கெட்டிப்படும்போது குமிழ்கள் ‘பொத் பொத்’தென்று வெடித்துத் தெறிக்கும்; கையில் பட்டால் கொப்பளித்துவிடும். நீளமான மரக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைக்கு இது எளிது.

பலரும் சறுக்குவது இதன் பிறகுதான். பதினைந்து நிமிடத்திலேயே பார்வைக்குக் கெட்டியாகிவிடும். இறக்கிவிடாதீர்கள். கெட்டியானதெல்லாம் வெந்ததாகாது. 40 முதல் 45 நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். முழு நேரமும் நிற்க வேண்டாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடி வரை கிண்டினால் போதும். இறுகினால் வெந்நீர் விடுங்கள். நாக்கில் வைத்தால் நறநறக்கக் கூடாது, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலக வேண்டும், அதுதான் பதம். இறக்கும்போது 40 கிராம் வெண்ணெயும் ஒரு கைப்பிடி துருவிய பார்மிஜானோ சீஸும் சேருங்கள்.

கேள்வி: எந்த சாசேஜ்? எப்படிச் சமைப்பது?

ஹாட்டாக் வகை வேண்டவே வேண்டாம். கொத்திய பன்றி இறைச்சியில் உப்பும் மிளகும் சேர்த்த, வேகவைக்காத சாசேஜ் 600 கிராம் வாங்குங்கள். வடக்கில் சுருளாக வரும் லுகானெகா பிரபலம். தெற்கே பெருஞ்சீரகம் சேர்ப்பார்கள்.

வாணலியில் சாசேஜோடு அரை கப் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு உருகி இறங்கும், அதிலேயே சிவந்துவிடும். எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் வெங்காயம் வதக்கி, அரை கிளாஸ் சிவப்பு ஒயின் ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டுங்கள். 400 கிராம் தக்காளி, ஒரு கொத்து ரோஸ்மேரி, பிறகு சாசேஜ். மூடிவைத்து அரை மணி நேரம். பொலெந்தாவுக்கு ரவை தூவியதும் இதைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி சாசேஜ் போடலாம். கொழுப்பு குறைவென்பதால் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சேருங்கள்.

கேள்வி: பலகையில் கொட்டி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்களாமே?

ஆம், அப்ருட்ஸோ, மார்கே போன்ற மத்திய இத்தாலியப் பகுதிகளின் வழக்கம் அது. சற்றுத் தளர்வாகக் கிண்டிய பொலெந்தாவை அகன்ற மரப்பலகையில் பரப்பி, மேலே சாசேஜ் குழம்பு ஊற்றி, அவரவர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டு வருவார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவசியம் செய்து பாருங்கள். வார்னிஷ் பூசாத பலகையாக இருக்கட்டும்.

கேள்வி: தினமும் சாப்பிடலாமா?

இதை மட்டுமே உண்டு வாழக் கூடாது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலிய ஏழைகள் அப்படி வாழ்ந்துதான் நியாசின் (வைட்டமின் பி3) குறைபாட்டால் பெலாக்ரா நோய்க்கு ஆளானார்கள். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பதால் அந்தச் சத்து உடலில் சேர்கிறது. ஐரோப்பாவுக்குச் சோளம் வந்தது, அந்த முறை வரவில்லை. இறைச்சி, சீஸ், கீரையோடு சாப்பிட்டால் பயமில்லை.

கேள்வி: மீந்துபோனால்?

சூடாக இருக்கும்போதே தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். மறுநாள் வில்லை போட்டு வெண்ணெயில் இருபுறமும் மொறுமொறுவென்று சிவக்க விடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும்.