24 பக்கம், 50 பிரதி: கையால் செய்த இதழை மாற்றிக்கொள்வது எப்படி?

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். என் தோழியின் கவிதைகளையும் என் கோட்டோவியங்களையும் சேர்த்து, ஆங்கிலத்தில் ‘ஜீன்’ (zine) என்கிறார்களே, அதுபோன்ற சிறு கையிதழ் ஒன்றை ஏ5 அளவில் 24 பக்கங்களுடன் 50 பிரதிகள் செய்ய நினைக்கிறோம். ஜெராக்ஸ் எடுத்து, கையால் தைத்து, ஒவ்வொரு பிரதியிலும் மூன்று படங்களுக்கு வாட்டர் கலர் தீட்ட ஆசை. விற்பதைவிட, மற்ற ஊர்களில் இப்படிச் செய்பவர்களோடு மாற்றிக்கொள்ளவே விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது? பரிமாற்றத்துக்கு என்று முறை ஏதும் உண்டா?

பதில்: நீங்கள் முதல் பக்கத்திலிருந்து யோசித்திருக்கிறீர்கள். பரிமாற்றத்துக்காகச் செய்யும் இதழைத் தபால் உறையிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ளது. ஏ5 அளவில் 24 பக்கம் என்றால் 6 தாள், அதாவது 30 கிராம். அட்டையும் உறையும் சேர்ந்தால் 40 கிராமைத் தாண்டும். சாதாரணக் கடிதத்தைக் குறைந்தபட்சக் கட்டணத்தில் 20 கிராம் வரைதான் அனுப்பலாம். 50 பிரதிகளுக்கு 300 தாள், இருபுறமும் சேர்த்து 600 நகல் ஆகும். ஒரு படத்துக்கு நான்கே நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் வண்ணம் தீட்ட மட்டும் 10 மணி நேரம் போய்விடும். ஐந்தாம் பிரதியில் இருக்கும் அக்கறை நாற்பதாம் பிரதி வரை நீடிப்பது கடினம். அந்த நாற்பதாம் பிரதியைப் பெறுபவருக்கோ அதுதான் உங்கள் இதழ்.

எனவே ஒன்றுக்குப் பதிலாக இரண்டாகச் செய்யுங்கள். முன்பின் அறியாதவர்களுக்கு அனுப்ப, ஒரே தாளில் மடித்த எட்டுப் பக்கச் சிறு இதழ் 50 பிரதி; அதைப் பெற்றுப் பதில் எழுதியவர்களுக்கும் நேரில் சந்திப்பவர்களுக்கும் தர, 16 பக்கத்தில் தைத்த இதழ் 15 அல்லது 20 பிரதி.

எட்டுப் பக்க இதழுக்குத் தையலோ ஸ்டேப்ளர் பின்னோ தேவையில்லை; நகலும் ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும். ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து, மேல் வரிசையில் நான்கும் கீழ் வரிசையில் நான்குமாக எட்டுக் கட்டங்கள் வருமாறு மடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் 74 x 105 மி.மீ. இருக்கும். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 ஆகிய பக்கங்கள் நேராகவும், மேல் வரிசையில் 5, 4, 3, 2 ஆகியவை தலைகீழாகவும் அமைய வேண்டும். தாளின் நடுக்கோட்டில், மையத்தில் உள்ள இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் விரிந்து, பக்கங்கள் புத்தகமாகச் சேர்ந்துகொள்ளும். மடிப்பின்மேல் ஒரு ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் இதழ் மூடியபடியே நிற்கும். தாளின் மறுபக்கம் முழுவதும் காலியாக இருப்பதால், அதில் உங்கள் கோட்டோவியம் ஒன்றை முழு அளவில் போடலாம். இதழைப் பிரித்துப் பார்ப்பவருக்கு மட்டும் அது கிடைக்கும். அதற்காகப் பின்பக்கமும் நகல் எடுக்கும் செலவை நான் தயங்காமல் செய்வேன்.

கவிதைகளைக் கையால் எழுதப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். என் முதல் இதழை ஏ4 தாளில் மெல்லிய பேனாவால் எழுதி, ஏ5 அளவுக்குச் சுருக்கி நகலெடுத்தேன். அந்தச் சுருக்கம் 71 விழுக்காடு. வந்த பிரதிகளில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பாதி காணாமல் போயிருந்தன: ‘கால்’ என்றது ‘கால’ ஆகியிருந்தது, ‘ண’ கரத்தின் சுழிகள் அடைபட்டு ஒரே கறுப்பாக இருந்தன. 30 பிரதிகளிலும் புள்ளிகளைக் கையால் வைத்தேன். அன்றிலிருந்து இறுதி அளவிலேயே எழுதுகிறேன். கறுப்பு ஜெல் அல்லது மார்க்கர் பேனாவால், புள்ளியைச் சற்று அழுத்தி வைக்கிறேன். நீல மையும் பென்சிலும் நகலில் மங்கிவிடும். நான்கு ஓரங்களிலும் 8 மி.மீ. விட்டுவிடுங்கள், ஏனெனில் ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் விளிம்பு வரை பதிக்காது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, ஜெராக்ஸ் மை நீரில் கரையாது, இங்க்ஜெட் பிரிண்டரின் மை பெரும்பாலும் கரையும். இருந்தாலும் 80 ஜிஎஸ்எம் தாள் நீர் பட்டால் நெளியும். கலர் பென்சிலுக்கு மாறிவிடுங்கள். படத்தில் ஓர் இடத்தை மட்டும், ஒரு சேலைக் கரையையோ விளக்கின் சுடரையோ தீட்டினால் போதும்.

தைக்கும் இதழில் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 16 பக்கத்துக்கு நான்கு தாள். வெறுந்தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, பென்சிலால் பக்க எண் இட்டு ஒரு டம்மி (மாதிரிப் பிரதி) செய்துகொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் வெளித்தாளின் ஒரு பக்கம் 16, 1 என்றும் மறுபக்கம் 2, 15 என்றும் இருக்கும். எந்தத் தாளிலும் அருகருகே உள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் 17 வரும். வராவிட்டால் எங்கோ தவறு. கடைக்காரரிடம் மூலப் பக்கங்களோடு டம்மியையும் கொடுத்து, ‘பேக் டு பேக்’ (தாளின் இருபுறமும்) எடுக்கச் சொல்லுங்கள். எல்லாத் தாள்களையும் ஓடவிடுமுன் ஒரே ஒரு பிரதியை எடுத்து, மடித்துப் பார்ப்பது அவசியம்.

பின் அடிப்பதைவிட நூலால் தைப்பதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் ஈரக் காற்றில் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறையை விடும். மடிப்புக் கோட்டில் மூன்று துளைகள் இட்டு, 50 செ.மீ. நூலுடன் உட்புறமிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே எடுங்கள்; மேல் துளை வழியே உள்ளே விட்டு, உட்புறமாகவே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியே எடுத்து, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே கொண்டுவாருங்கள். நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீண்ட தையலுக்கு இரு பக்கமும் இருக்குமாறு வைத்து, அதன்மேல் முடிச்சிட வேண்டும். அட்டைக்குப் பள்ளி நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட் போதும்; அதில் நிறமும் எழுத்தும் எடுப்பாகத் தெரியும், விலையும் குறைவு.

பரிமாற்றத்துக்கு வருவோம். இந்தப் பழக்கம் 1930களில் அமெரிக்காவில் அறிவியல் புனைகதை வாசகர்கள் தங்களுக்குள் தபாலில் அனுப்பிக்கொண்ட இதழ்களோடு வளர்ந்தது. பணம் தராமல் இதழைப் பெற அவர்களிடம் மூன்று வழிகள் இருந்தன: தன் இதழை அனுப்புவது, படித்ததைப் பற்றிக் கடிதம் எழுதுவது, அடுத்த இதழுக்குப் படைப்பு தருவது. நீங்களும் இந்த மூன்றையும் சமமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்பதே வழக்கம். பக்கத்தையோ உழைப்பையோ எடைபோட வேண்டாம். பெரிய இதழைக் கொடுத்துவிட்டு மனக்குறைப்படாமல் இருக்கத்தான் இரண்டு வகையாகச் செய்யச் சொன்னேன். முதலில் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது. கேட்காமல் வந்த இதழ் பெறுபவர்மேல் ஒரு கடனை ஏற்றிவிடும். அனுப்பிய நாள், பெற்றவர், வந்த இதழ் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் ஒரு அஞ்சலட்டை போடலாம், அதற்குமேல் வேண்டாம்.

உங்கள் எட்டுப் பக்க இதழ் 5 கிராம்தான் என்பதால், கடிதத்தையும் சேர்த்துச் சாதாரண உறையில் 20 கிராமுக்குள் அனுப்பிவிட முடியும்.

பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டும் படங்களுக்கும் பிறர் கவிதைகளுக்கும் அனுமதி வேண்டும், இலவசமாகக் கொடுத்தாலும்கூட. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை எழுத்துக்கு உரிமை உண்டு. உங்கள் படைப்புக்கான உரிமை, பதிவு செய்யாமலேயே உங்களுடையது.

நம் ஊர்களில் இளைஞர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகளில், ஒரே பிரதி வீடு வீடாகச் சுற்றிவரும். கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் வாசகர் கருத்துக்கென்று விடப்பட்டிருக்கும். தைத்த இதழில் 15ஆம் பக்கத்தை அப்படி விடுங்கள், ஒன்றிரண்டு பிரதிகளையாவது கைமாறிச் சுற்ற விடுங்கள். 16ஆம் பக்கத்தில் பிரதி எண்ணை ‘7/20’ (இருபதில் ஏழாவது) என்று கையால் எழுதி, கீழே ‘உங்கள் இதழோ, ஒரு கடிதமோ அனுப்பினால் எங்கள் அடுத்த இதழ் உங்களைத் தேடி வரும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதன் கீழ் வீட்டு முகவரியைப் போடாதீர்கள். அஞ்சலகத்தில் தபால் பெட்டி எண் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது தெரிந்த கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ‘மேற்பார்வை’ (c/o) என்று அவர் முகவரியைப் போடலாம்.