வலியோடு சிவந்த கண்

கேள்வி: என் அக்கா விடியற்காலையில் ஜீப்பில் குமுளிக்குப் போய் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறார். ஐந்து நாட்களுக்கு முன்பு காய்ந்த ஏல இலை அவர் வலது கண்ணில் அடித்துவிட்டது. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. இப்போது வலி கூடிவிட்டது, வெளிச்சம் கூசுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி தாய்ப்பால் விடச் சொல்கிறார். இது மெட்ராஸ் ஐதானா?
– வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்த உடனே தொலைபேசியில் அழைத்து, அக்காவை அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அவ்வளவு அவசரம் ஏன் என்பதை மற்ற வாசகர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மெட்ராஸ் ஐயில் கண் உறுத்தும், பீளை கட்டும், பெரும்பாலும் மறு கண்ணுக்கும் பரவும். கடுமையான வலி பொதுவாக இருக்காது. ஒரே கண்ணில் வலி, கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை சேர்ந்தால் கருவிழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏல இலையோ நெல் உமியோ கரும்புத் தோகையோ கீறிய இடத்தில் பூஞ்சைக் கிருமி குடியேறிப் புண்ணாக்குவது நம் பக்கத்து விவசாயக் கூலிகளிடம் அடிக்கடி காணப்படுவது.

அந்தச் சொட்டு மருந்தின் அட்டையைப் படிக்கச் சொன்னபோது, நீங்கள் 'டெக்சாமெத்தசோன்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். அது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்குவதால் குணமாவதுபோல் தோன்றும். ஆனால் கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்குவதால் பூஞ்சை ஆழமாக இறங்கிவிடும். கருவிழியைப் பரிசோதிக்காமல் இம்மருந்தை யாரும் விடவே கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றையும் தயவுசெய்து விடாதீர்கள்.

கண் மருத்துவர் அருகில் இல்லையென்றால், மலையிலோ அடிவாரத்திலோ உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் பரிசோதனை நடக்கலாம். ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். ஃப்ளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சம் அடித்தால், கீறல் பச்சையாக ஒளிரும்; கருவிழியில் அரிசி நொய்போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தாமதிக்காமல் மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அடிபடாத கண்ணில் திடீர் வலியோடு தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை வந்தால் அது கண் அழுத்தமாக இருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. பரிசோதனைக்காக விடும் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வலிக்கிறதே என்று வீட்டுக்குக் கேட்டு வாங்கக் கூடாது. அது புண் ஆறுவதைத் தடுக்கும்.

பூஞ்சை என்பது உறுதியானால், 5 சதவீத நேட்டாமைசின் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை விட வேண்டியிருக்கும். சிகிச்சை பல வாரங்கள் நீளும். அதுவரை அக்காவைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். பழைய மருந்து அட்டையை மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள்.