வாசகர் கேள்வி-பதில்: பிரெஞ்சுப் படையில் சேர ஏஜென்டுக்கு 6 லட்சமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: என் அக்கா மகனுக்கு 22 வயது. பிரான்ஸ் ராணுவத்தில் வெளிநாட்டுப் பையன்களையும் எடுக்கிறார்கள், 6 லட்சம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். பெயரையே மாற்றிவிடுவார்களாமே? அக்கா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். அனுப்பலாமா?

முதலில் நகை வீட்டிலேயே இருக்கட்டும். அப்படி ஒரு படை இருப்பது உண்மைதான். ஃபாரின் லீஜியன் என்று பெயர், 1831-இல் லூயி பிலிப் மன்னர் தொடங்கியது, பதினேழரை வயதிலிருந்து முப்பத்தொன்பதரை வரை எந்த நாட்டு ஆணும் போய்க் கேட்கலாம். ஆனால் சேர ஒரு பைசா கட்டணம் கிடையாது, ஏஜென்டும் கிடையாது. பையனே பிரான்ஸுக்குப் போய் பாஸ்போர்ட்டோடு அவர்கள் வாசலில் நிற்க வேண்டும், விசாவும் டிக்கெட்டும் அவன் பாடு. மார்செய் பக்கத்தில் ஒபாஞ் என்ற ஊரில் உடம்பு, மனது, பழைய வழக்கு எல்லாவற்றையும் துருவிப் பார்த்து, வந்தவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு அதைத் தாண்ட வைக்கிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

பெயர் விஷயமும் உண்மையே. வேறு பெயரில் சேரும் வழக்கம் அங்கே உண்டு, பிறகு சொந்தப் பெயருக்குத் திரும்பலாம். கல்யாணம் ஆனவனையும் ஆகாதவன் என்றே பதிவார்கள். முதல் ஒப்பந்தம் 5 வருடம். காஸ்தெல்நொதாரி என்ற ஊரில் 4 மாதப் பயிற்சி, முதல் மாதம் ஊரை விட்டுத் தள்ளி ஒரு பண்ணை வீட்டில். பிரெஞ்சு தெரியாதவனைத் தெரிந்தவனோடு ஜோடி சேர்த்து, நடக்கும்போது பாட்டுப் பாட வைத்தே மொழியைப் புகட்டுவார்கள். 3 வருடம் முடித்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம், போரில் காயம்பட்டால் அதற்கு முன்பே கேட்கலாம், 1999-இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) குடும்பங்களைப் பார்த்து ஆசைப்படுகிறான் என்றால், அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பட்டாளத்துக்குப் போனவர்கள், அது வேறு கணக்கு என்று சொல்லுங்கள்.

என் பயமெல்லாம் ஏஜென்டைப் பற்றித்தான். பிரான்ஸ் என்று சொல்லி அவர் எந்த ஊரில் இறக்கிவிடுவார்? ரஷ்யாவில் உதவியாளர் வேலை, செக்யூரிட்டி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பையன்கள், படிக்கத் தெரியாத ரஷ்யக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உக்ரைன் போர்முனையில் போய் நின்றார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ இந்த ஆள்கடத்தல் கும்பல் மீது வழக்குப் போட்டது. 12 பேர் இறந்துவிட்டதாக 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகமே சொன்னது. பெற்ற பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த வீடுகள் அவை. அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பையனுக்கு உண்மையிலேயே பட்டாள ஆசை என்றால் இங்கே அக்னிவீர் தேர்வு இருக்கிறது, அதன் வயது வரம்பைத் தாண்டியிருந்தால் அது அவனுக்குக் கிடைக்காமல் போகலாம், ஆனால் மத்தியக் காவல் படைகளும் போலீஸும் இருக்கின்றனவே.

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்: காசுக்காக அந்நிய நாட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் கூலிப்படைதானே?

இல்லை. 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்த்த நெறிமுறையின் 47-ஆவது பிரிவுப்படி, போரிடும் நாட்டின் ராணுவத்தில் முறைப்படி சேர்ந்தவர் கூலிப்படை ஆகமாட்டார். நேபாளத்து கூர்க்காக்கள் 1815 முதல் பிரிட்டிஷ் படையில் இருக்கிறார்கள், 1947-இல் மூன்று நாடுகள் ஒப்பந்தம் போட்டு அந்த ரெஜிமென்ட்களை இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் பிரித்தார்கள். அவர்களை யாரும் கூலிப்படை என்று கூப்பிட நான் சம்மதிக்கமாட்டேன்.