பக்கத்து செல் இழுத்தால்தான் வேலை நடக்கும்: நாட்ச் கேள்வி-பதில்

போன தடவை கல்லீரல் பற்றி எழுதியபோது ‘நாட்ச்’ என்ற வார்த்தையைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். ஒட்டி நிற்கும் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் ஒரு வழி அது. டர்பனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. நான் செல் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள், மருந்து எழுதித் தருபவள் அல்ல. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஹார்மோனும் சிக்னல், நாட்சும் சிக்னல். என்ன வித்தியாசம்? (மெட்ரிக் மாணவி, சாட்ஸ்வர்த்)

ஹார்மோன் கோயில் ஒலிபெருக்கி மாதிரி. ரத்தத்தில் கலந்து போய் ஊருக்கே கேட்கும். நாட்ச் வேலை செய்ய இரண்டு செல்களும் ஒட்டி நிற்க வேண்டும். ஒரு செல்லின் வெளிப்படலத்தில் நாட்ச் ஏற்பி (சிக்னலை வாங்கும் புரதம்) இருக்கும், பக்கத்து செல்லில் டெல்டா அல்லது ஜாக்டு என்ற புரதம் இருக்கும். இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டதும், பக்கத்து செல் தன் புரதத்தை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் நாட்ச் விறைத்து, அதுவரை மறைந்திருந்த ஓர் இடம் வெளியே தெரியும். ஆடாம்10 என்ற நொதி அங்கே ஒரு வெட்டு வெட்டும். அப்புறம் காமா செக்ரெட்டேஸ் என்ற நொதி படலத்துக்குள்ளேயே இன்னொரு வெட்டு வெட்டும். உள்பக்கத் துண்டு அறுந்து, நேரே உட்கருவுக்குப் போய் மரபணுக்களை முடுக்கிவிடும். நடுவில் தூதர் யாரும் இல்லை. அறுந்த ஏற்பி மறுபடி ஒட்டவும் ஒட்டாது.

இதனால் என்ன லாபம்? நம் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில் பிறந்த உயிரியலாளர் சிட்னி பிரென்னர் ஆராய்ச்சிக்கென்று தேர்ந்தெடுத்த குட்டிப் புழுவில் அழகான உதாரணம் இருக்கிறது. (2002 நோபல் பரிசு அந்தப் புழு வேலைக்குத்தான்.) அதன் உடம்பில் அச்சாக ஒன்றுபோல இரண்டு செல்கள் உண்டு. ஒன்று நங்கூரச் செல்லாக வேண்டும், மற்றது கருப்பைச் செல்லாக வேண்டும். எது எதுவாகும் என்று முன்கூட்டியே முடிவாகவில்லை. தற்செயலாக எதற்கு நாட்ச் சிக்னல் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறதோ, அது விட்டுக்கொடுத்துக் கருப்பைச் செல்லாகிவிடும். புழுவின் நாட்ச் மரபணுவான லின்-12 கெட்டுப்போனால், விட்டுக்கொடுக்க ஆளில்லாமல் இரண்டுமே நங்கூரமாகிவிடும்.

ஏன் இந்தப் பெயர்? (டொங்காட்)

பழ ஈயால் வந்த பெயர். ஆங்கிலத்தில் ‘நாட்ச்’ என்றால் விளிம்பில் விழுந்த வெட்டு. லிச்சி காலத்தில் நம் வீட்டுக் கூடையைச் சுற்றுமே, அந்த ஈதான். 1910களில் சில ஈக்களின் இறக்கை விளிம்பில் வெட்டு விழுந்திருப்பதை ஜான் டெக்ஸ்டர் கவனித்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் யாரோ கத்தரிக்கோலால் நறுக்கின மாதிரி இருக்கும். வெட்டு இறக்கை உள்ளவை எல்லாம் பெண் ஈக்கள். அந்த மரபணுப் பழுதை வாங்கிய ஆண் ஈ கருவிலேயே இறந்துவிடும்.

பத்து வாரக் குழந்தைக்கு அலஜில் நோய் என்கிறார்கள், ஜாக்1 மரபணுவில் பழுதாம். என் பிறந்த வீட்டு வழியில் வந்த வியாதி என்கிறார் மாமியார். கிரகணத்தன்று நான் வெளியே நின்றதுதான் காரணம் என்கிறார் பெரியம்மா. (ஃபீனிக்ஸ்)

முதலில் கிரகணத்தை வெளியே அனுப்பிவிடுவோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

மேலே சொன்ன ஜாக்டு புரதத்துக்கான மரபணுதான் ஜாக்1. அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். கல்லீரலுக்குள் பித்த நாளங்கள் உருவாக நாட்ச் சிக்னல் வேண்டும். அது குறைந்தால் நாளங்களும் குறையும், பித்தம் தேங்கும். கண் மஞ்சளாவதும், பின்னால் தூங்கவிடாத அரிப்பு வருவதும் அதனால்தான். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வண்ணத்துப்பூச்சி வடிவில் தெரிகிறது, நுரையீரல் ரத்தக்குழாய் குறுகலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லீரல், முதுகெலும்பு, ரத்தக்குழாய் என்று இவை மூன்று நோய்கள் இல்லை. மூன்று இடத்திலும் வேலை செய்ய வேண்டிய ஒரே சிக்னல் குறைந்திருக்கிறது.

யார் பக்கம்? பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளில் இந்தப் பழுது புதிதாக விழுந்ததுதான், தாய் தகப்பன் இருவரிடமும் இருக்காது. ஆனாலும் நீங்கள் இருவரும் சோதனை செய்துகொள்ளுங்கள். பழி போடுவதற்காக அல்ல. பழுது இருந்தும் தெரியாமலே வாழ்ந்துவிடுபவர்கள் உண்டு. உங்களில் ஒருவருக்கு இருந்தால், அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். அரிப்புக்கு மராலிக்சிபேட் என்ற மருந்துக்கு 2021ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். இங்கே கிடைக்குமா என்று உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் பற்றியும் கேளுங்கள், பித்தம் சரியாக வராவிட்டால் அவை உடம்பில் சேராது.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பிறந்து 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, அல்லது மலம் வெளிறியிருக்கிறது என்றால் உடனே ரத்தம் பாருங்கள். என் உறவில் ஒரு குழந்தையை ஆறு வாரம் வெயிலில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். இன்னும் நினைத்தால் கோபம் வருகிறது.

தங்கை மகனுக்கு டி-செல் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் நாட்ச்1 என்றிருக்கிறது. என் பிள்ளைகளையும் சோதிக்கலாமா? நாட்சை வெட்டும் காமா செக்ரெட்டேஸை அடைத்தால் போதாதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இதற்காகச் சோதிக்க வேண்டாம். இந்த லுகேமியாவில் பாதிக்கும் மேல் நாட்ச்1 (மனிதரின் நாட்ச் மரபணுக்களில் ஒன்று) பழுது இருப்பது 2004ல் தெரிந்தது. அது அந்த ரத்தச் செல்லில் பிறகு விழுந்த பழுது, குடும்பத்தில் இறங்கி வருவதல்ல. காமா செக்ரெட்டேஸை அடைத்தால் போதுமே என்று நீங்கள் கேட்பது சரிதான், முயன்றும் பார்த்தார்கள். ஆனால் குடலுக்கும் நாட்ச் வேண்டும். அடைத்தால் குடல் செல்கள் சளி சுரக்கும் செல்களாக மாறி, கடும் வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

அப்பாவுக்கு 48 வயதில் பக்கவாதம், காடாசில் என்றார்கள். எனக்கு 34. சோதனை செய்துகொள்ளட்டுமா? (வெருலம்)

இது நாட்ச்3 என்ற இன்னொரு நாட்ச் மரபணுவின் பழுது. மூளையின் சிறு ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அதனால் சோதனைக்கு அவசரம் இல்லை, தெரிந்துகொள்ள விரும்பாத உரிமையும் உங்களுக்கு உண்டு. முதலில் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சோதித்தாலும் சரி, விட்டாலும் சரி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள்.

‘நாட்சைத் தூண்டி, போன காதைத் திரும்பக் கொண்டுவரும்’ மாத்திரை ஒரு பாட்டில் வாங்கினேன். (பெயர் வேண்டாம் என்றவர்)

உள்காதில் நாட்ச் செய்யும் வேலையே, பக்கத்துச் செல்கள் கேட்கும் செல்லாக மாறாமல் தடுப்பது. விஞ்ஞானிகள் அங்கே அதை அடக்கிப் பார்க்கத்தான் முயல்கிறார்கள். விளம்பரம் எழுதியவர் திசையையே மாற்றிப் பிடித்திருக்கிறார். பில் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.