ஒரே கண்ணோடு பெரிய அளவில் விளையாடியவர்கள் யாராவது இருக்கிறார்களா?

கேள்வி: என் மகனுக்கு வயது 14. ஒரு விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. இனி விளையாட்டே வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள். ஒரே கண்ணோடு தொழில்முறை வீரராக ஆடியவர் யாராவது உண்டா?

உண்டு. நம் பக்கம் அதிகம் பேர் பார்த்திராத ஆட்டம், அதிகம் பேர் கேள்விப்படாத பெயர்: ஐஸ் ஹாக்கி, வில்லி ஓ'ரீ. எனக்கும் வலது கண்ணில் பார்வை கிடையாது. பன்னிரண்டு வயதில் கில்லி பட்டுப் போனது. அதனால் இந்த மனிதரைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் விடாமல் படித்திருக்கிறேன்.

கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து ஃபிரெடரிக்டன் அவருடைய ஊர். 1935இல் பிறந்தவர், பதிமூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பி வந்த ஒருவரின் வம்சம். குளிர்காலத்தில் அப்பா கொல்லையில் தண்ணீரைப் பாய்ச்சி விடுவார். விடிந்தால் அது ஆடுகளம். மூன்று வயதில் ஸ்கேட் மாட்டிக்கொண்டவர்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டி ரப்பரில் செய்த வட்டு, 'பக்' என்பார்கள். எடை கிட்டத்தட்ட 170 கிராம். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஹெல்மெட்டும் இல்லை, முகத்துக்கு எந்தக் காப்பும் இல்லை. 1955-56 பருவத்தில் ஒரு ஜூனியர் ஆட்டம். யாரோ ஓங்கி அடித்த பக் எதிலோ பட்டுத் திசைமாறி எழும்பி அவர் முகத்தில் மோதியது. மூக்கும் கன்னத்து எலும்பும் உடைந்தன. வலது கண்ணில் 95 சதவீதப் பார்வை போயிற்று. இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில வாரங்களில் ஓ'ரீ மறுபடி களத்தில் நின்றார்.

நெருங்கிய ஓரிருவரைத் தவிர யாரிடமும் அவர் கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. என்எச்எல் (நேஷனல் ஹாக்கி லீக்) என்பதுதான் வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கிப் போட்டி. ஒரு கண் பார்வை இல்லாதவர் ஆடக்கூடாது என்று அந்த லீகில் விதியே உண்டு. அன்று அந்த லீகில் மொத்தமே ஆறு அணிகள். வட அமெரிக்கா முழுவதற்கும் நூற்றுச் சொச்சம் இடம். தெரிந்தால் அன்றோடு கதை முடிந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு கண் இல்லாதவனுக்கு எது கஷ்டம் என்பது இரண்டு கண்ணும் உள்ளவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. தூரம் தெரியாது என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பழகிவிடும். டம்ளர் விளிம்பில் டபராவைத் தொட்டு வைத்துக்கொண்டு காபி ஊற்றப் பழகினேன், சிந்துவது நின்றது. பழகாதது அந்தப் பக்கம். வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆள் வந்து இடித்த பிறகுதான் தெரியும்.

ஓ'ரீ ஆடியது இடது விங். இடது ஓரமாக ஓடுகிறவருக்கு நடுவிலிருந்து வருகிற பாஸ் எல்லாம் வலப்பக்கமாகத்தான் வரும், அதாவது இருட்டிலிருந்து. முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டே தலையை வலது தோளுக்கு மேல் முழுக்கத் திருப்பி, இடது கண்ணால் பக்கைத் தேடுவார். தேடுகிற அந்த நொடியில் எதிரே வருகிறவன் தெரிய மாட்டான். உடம்பால் மோதிச் சாய்ப்பது அந்த ஆட்டத்தில் விதிப்படி சரி.

இப்படித்தான் அவர் என்எச்எல்லுக்கே போனார். 1958 ஜனவரி 18, மான்ட்ரியல் ஃபோரம் அரங்கம். பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக இறங்கினார், அணி 3-0 என்று வென்றது. அந்த லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். அன்று அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. இரண்டே ஆட்டம், திரும்ப கியூபெக்கில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். 1960-61இல் மறுபடி கூப்பிட்டார்கள், 43 ஆட்டம் ஆடினார். 1961 புத்தாண்டு அன்று மான்ட்ரியலுக்கு எதிராக அவருடைய முதல் கோல். பாஸ்டன் கார்டனில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வேறு ஊர்களில் அவருக்குக் கிடைத்தது வசவு. சிகாகோவில் எதிரணிக்காரர் ஒருவர் மட்டையின் கைப்பிடி முனையால் வாயில் குத்தி முன்பற்களை உடைத்தார். வாயால் திட்டியதற்காகத் தான் ஒருபோதும் சண்டைக்குப் போனதில்லை என்று ஓ'ரீ பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடம்பில் அடித்தால் மட்டும் விட்டதில்லை.

45 ஆட்டம், 4 கோல். என்எச்எல் கணக்குப் புத்தகத்தில் அவர் அவ்வளவுதான். எல்லோரும் இதோடு நிறுத்திவிட்டு, முதல் கறுப்பின வீரர் என்ற பெருமையைப் பேசுகிறார்கள். அந்தப் பெருமை சின்னதில்லை. அவருக்கு அடுத்த கறுப்பின வீரர் அந்த லீகுக்கு வந்தது 1974இல்தான். ஆனால் உங்கள் மகனுக்கு வேண்டிய கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பாஸ்டன் அவரை விட்டுவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தது லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ், வெஸ்டர்ன் ஹாக்கி லீக், ஒரு படி கீழே. 1964இல் அங்கே பயிற்சியாளர் அவரை இடது விங்கிலிருந்து வலது விங்குக்கு மாற்றினார். ஓ'ரீ இடக்கை ஆட்டக்காரர். வலப்பக்கம் நின்றால் பாஸை மட்டையின் பின்புறத்தால் வாங்க வேண்டும், அது சிரமம். ஆனால் இப்போது பாஸ் எல்லாம் இடப்பக்கமிருந்து வந்தது. கழுத்தைத் திருப்ப வேண்டாம், பக் கண்ணுக்கு நேரே வருகிறது. அந்தப் பருவத்தில் 38 கோல் அடித்தார்!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் ஊர் கபடி அணியில் நான் முதலில் நின்றது லெஃப்ட் கார்னர். ரெய்டு வருகிறவன் எப்போதும் எனக்கு வலப்பக்கம். காலை நீட்டித் தொட்டுவிட்டுப் போய்விடுவான், நடுவர் கை காட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். மூன்று ஆட்டம் பார்த்துவிட்டு எங்கள் கேப்டன் அண்ணன், "டேய், நீ அந்த மூலைக்குப் போய் நில்லுடா" என்றார். ரைட் கார்னருக்குப் போனேன். களம் முழுவதும் என் இடது கண்ணுக்குள் வந்துவிட்டது. தெரியாத பக்கத்தில் இருந்தது வெறும் கோடுதான். அதற்குப் பிறகு எத்தனை கணுக்கால் பிடித்தேன் என்பது எங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள்.

ஓ'ரீ அதன் பிறகு சான் டியாகோ கல்ஸ் அணிக்குப் போய், 1968-69இல் மறுபடி 38 கோல் அடித்தார். கடைசியாக ஆடியது 1978-79 பருவத்தில், 43 வயதில். கண் போய் இருபது வருடத்துக்கும் மேல் சம்பளத்துக்கு ஆடியிருக்கிறார். எனக்கு அந்த 45 ஆட்டத்தைவிட இந்த வருடங்கள்தான் பெரிது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண் போன கொஞ்ச காலத்தில், 1956இல், மில்வாக்கி பிரேவ்ஸ் என்ற பேஸ்பால் அணி அவரை ஜார்ஜியா மாநிலத்துக்குத் தேர்வுக்கு அழைத்தது. இறங்கியதும் கண்ணில் பட்டது வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று எழுதிய கழிவறைப் பலகைகள். தேர்வாகவில்லை. ஊர் திரும்ப நாள்கணக்கில் பஸ் பயணம். தெற்கில் கடைசி இருக்கை. வண்டி வடக்கே போகப் போக ஒவ்வொரு வரிசையாக முன்னே நகர்ந்து, கனடாவை நெருங்கும்போது முன்னால் உட்கார்ந்திருந்தார். பேஸ்பால் போதும், இனி ஹாக்கிதான் என்று முடிவு செய்தது அந்தப் பயணத்தில்.

ஓய்வுக்குப் பின் பல வேலை பார்த்தார். சான் டியாகோ அருகே ஒரு ஓட்டலில் பாதுகாப்புப் பணியிலும் இருந்தார். 1998இல் என்எச்எல் அவரைத் தூதராக அழைத்துக்கொண்டது. ஹாக்கியே எட்டாத பிள்ளைகளிடம் அந்த ஆட்டத்தைக் கொண்டுபோகிற வேலை. 2018இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் இடம். 2022 ஜனவரி 18, முதல் ஆட்டம் ஆடி சரியாக 64 வருடம் கழித்து, பாஸ்டன் அவருடைய 22ஆம் எண் சட்டையை அரங்கக் கூரைக்கு ஏற்றியது, இனி அந்த அணியில் வேறு யாருக்கும் அந்த எண் கிடையாது என்ற மரியாதை அது. கொரோனா காலம், பயணம் செய்ய முடியவில்லை. 86 வயதில் சான் டியாகோவிலிருந்து திரையில் பார்த்தார்.

இப்போது உங்கள் மகன் விஷயம். ஓ'ரீ மறைத்ததை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அன்று இன்னொரு பக் இடது கண்ணில் பட்டிருந்தால் வாழ்நாள் முழுவதும் இருட்டு. பயிற்சியாளரிடமும் கூட ஆடுகிற பிள்ளைகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல கண்ணைக் காக்க, பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி உண்டு. கண் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் களத்தில் விடாதீர்கள். பாக்ஸிங் மாதிரி முகத்தில் அடிக்கிற ஆட்டம் வேண்டவே வேண்டாம். முதல் ஆறு மாதம் பந்து கைக்கு வராது, எரிச்சல்படுவான். அந்தச் சமயத்தில் உறவினர்கள் யாரும் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டம் ஆடுகிறான், எந்தக் கண் என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் நின்றால் அவனுக்குச் சௌகரியம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.