டெகு என்கிற தென் அமெரிக்கப் பல்லியும் நம் உடும்பும் ஒன்றுதானா? எப்படி அடையாளம் காண்பது?

இல்லை, இரண்டும் வேறு குடும்பம். நீங்களும் யாரிடமோ வாதம் செய்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வேலை காரணமாகப் பிரேசிலில், காம்பினாஸ் நகரத்துக்கு வெளியே குடியிருந்தேன். வெயில் ஏறியதும் ஒரு கறுப்பு வெள்ளை டெகு தோட்டத்துக்கு வந்து செங்கல் தரையில் படுத்துக்கொள்ளும். வாலோடு சேர்த்தால் ஒரு மீட்டருக்குக் குறையாது, கன்னம் இரண்டும் நன்றாக உப்பியிருக்கும், அதாவது வளர்ந்த ஆண். படத்தை நண்பர்கள் குழுவில் போட்டால், "நாக்கு பிளந்திருக்கு, உடும்புதான், கறி வச்சியா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பிளந்த நாக்கு இரண்டுக்கும் உண்டு. வயிற்றைப் பாருங்கள், டெகுவுக்குச் சதுரம் சதுரமாகப் பெரிய செதில்கள் வரிசையாக இருக்கும், உடும்புக்குப் பொடியாக இருக்கும். டெகுவுக்கு வால் அறுந்தால் திரும்ப முளைக்கும், உடும்புக்கு முளைக்காது. டெகு குஞ்சுகளுக்குத் தலையும் கழுத்தும் பளிச்சென்ற பச்சை, சில மாதங்களில் மங்கிவிடும்.

நான் விலங்கியல் படித்தவன் இல்லை, அதைச் சொல்லி யாராவது வருவார்கள், வரட்டும். தினமும் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கோழி முட்டையைத் தின்கிறது என்று அதை அடிக்கக் கிளம்பினார். முட்டை தின்னும், உண்மைதான், ஆனால் பழம், நத்தை, பூச்சி எல்லாமும் தின்னும். அங்கே காட்டு விலங்கைக் கொல்வது குற்றம் என்று சொல்லித் தடுத்தேன். அதற்கு என் வீட்டு ஓனர், அக்கம்பக்கத்தில் சண்டை போடுகிறேன் என்று என் மேல் கடுப்பானார். காலி செய்யும்போது சுவரில் இருந்த பழைய ஈரக்கறைக்கு அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அது இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த இனத்தின் பெரிய அதிசயம் உடம்புச் சூடு. குளிர்காலத்தில் வளைக்குள் முடங்கிக் கிடக்கும் இந்தப் பல்லி, இனப்பெருக்கக் காலத்தில் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்கிறது, வளையின் வெப்பத்தைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக. 2016-ல் வெளியான ஆய்வு இது, காம்பினாஸ் இருக்கும் அதே சாவோ பாவ்லோ மாநிலத்தில் ரியோ கிளாரோவில் செய்தது. உடும்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அப்புறம், தங்க டெகு என்று வடக்கே இன்னொன்று இருக்கிறது. சந்தேகம் வந்தால் மூக்குத் துளைக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள செதில்களை எண்ணுங்கள். கறுப்பு வெள்ளைக்கு இரண்டு, தங்கத்துக்கு ஒன்று. உங்களிடம் படம் இருந்தால் அந்த இடம் தெளிவாகத் தெரிகிற மாதிரி போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.